சிலந்திக்குச் சோறு போடுவது யார்?



சூழலியலின் அடிப்படைகளை எல்லோருக்கும் புரியும்படி சொல்ல வேண்டும் என்று இந்தக் கூட்டத்தின் அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். இப்படிக் கேட்டால் பேச்சாளர் நேரே முதுமலைக்கோ முண்டந்துறைக்கோ போய்விடுவது வழக்கம். புல்லை மான் தின்னும், மானைப் புலி தின்னும், திரையில் ஒரு கூம்பு வரும், கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். காவிரிப் படுகையில் நின்றுகொண்டு அவ்வளவு தூரம் போக எனக்கு மனமில்லை. ஓர் ஏக்கர் நெல்வயலை எடுத்துக்கொள்கிறேன். எந்த உயிர் எதைத் தின்கிறது என்பது பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயம். அந்த உயிர்களுக்குள் ஓடும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது வேறோர் அத்தியாயம். வயலில் இரண்டும் ஒரே கேள்விதான். முதல் அத்தியாயத்தைக்கூட முழுதாகப் படிக்காமல் ஆசிய நெல் விவசாயம் இருபது ஆண்டு பட்ட பாட்டையும், இரண்டாவது அத்தியாயம் அதற்கு என்ன விடை வைத்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வயல் மனிதன் வெட்டித் திருத்திய இடமாயிற்றே, அதைப் போய் இயற்கை என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். 1935-இல் ஆர்தர் டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் சூழல்மண்டலம் என்ற கருத்தை முன்வைத்தபோது, உயிர்களோடு மண், நீர், காற்று எல்லாவற்றையும் சேர்த்தே ஒரு மண்டலமாகப் பார்த்தார். மனிதக் கை பட்ட நிலங்களையும் அவர் ஒதுக்கிவைக்கவில்லை. ஆகவே நம் வயலுக்கு இடம் உண்டு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு நாளில் விழும் வெயிலின் ஆற்றல் சராசரியாக 5 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். மின்கட்டணத்தில் நாம் பார்க்கிற அதே யூனிட்தான். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆக நாளொன்றுக்குச் சுமார் 20,000 யூனிட். 110 நாள் பயிருக்கு 22 லட்சம் யூனிட். இவ்வளவும் இலவசம், எந்த அரசாணையும் வேண்டாம். மறுபக்கம், நல்ல மகசூல் கண்ட ஏக்கரில் 2 டன் நெல், இரண்டரை டன் வைக்கோல், வேரும் அடித்தாளுமாக அரை டன் என்று போடுங்கள். ஐந்து டன் உலர்ந்த பயிர்ப்பொருள். கிலோவுக்கு ஏறக்குறைய 4.4 யூனிட் வீதம் அதற்குள் இருப்பது 22,000 யூனிட். நூற்றுக்கு ஒன்று!

மீதி 99 எங்கே? சூரிய ஒளியில் பாதிக்கு மேற்பட்டது இலைப் பச்சையத்தால் பயன்படுத்த முடியாத நிறங்களில் வருகிறது. நாற்று நட்ட முதல் வாரங்களில் வெயில் பெரும்பாலும் வெறும் தண்ணீர்மேல் விழுகிறது. இலைகள் ஒரு பங்கைத் திருப்பியனுப்புகின்றன. பெரும் பங்கு தண்ணீரை ஆவியாக்குவதில் போகிறது. பயிர் பிடித்துவைத்ததிலும் கணிசமானதை அதுவே மூச்சுவிட்டுச் செலவழித்துவிடுகிறது. எல்லாம் போக மிஞ்சிய இந்த 22,000 யூனிட்டை வைத்துத்தான் வயலில் உள்ள நண்டு, நத்தை, எலி, தவளை, கொக்கு, பூச்சி, நுண்ணுயிர், போதாக்குறைக்கு நாமும் நம் மாடுகளும் பிழைக்க வேண்டும்.

ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிருக்கு ஆற்றல் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று முதன்முதலில் ஒழுங்காகக் கணக்குப் போட்டவர் ரேமண்ட் லிண்டமன். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சீடர் பாக் என்ற சிறிய ஏரியை எடுத்துக்கொண்டு, அதன் பாசியிலிருந்து மீன்வரை அளந்தார். அவருடைய கட்டுரையை முதலில் மதிப்பீட்டாளர்கள் ஏற்கவில்லை. இத்தனை கோட்பாட்டுக்கு இவ்வளவு தரவு போதாது என்றார்கள். ஹட்சின்சன் என்ற பேராசிரியர் வாதாடிப் பெற்ற பிறகு 1942 அக்டோபரில் அது அச்சானது. லிண்டமன் அந்த ஜூன் மாதமே இறந்துபோயிருந்தார். வயது 26.

பள்ளியில் நாம் படித்த 10 சதவீத விதிக்கு மூலம் இந்தக் கட்டுரைதான். ஆனால் லிண்டமன் அப்படி ஒரு விதியும் போடவில்லை. அவருடைய ஏரியில் தாவர உண்ணிகளின் மட்டத்தில் 13 சதவீதம், ஊனுண்ணிகளின் மட்டத்தில் 22 சதவீதம் என்று வந்தது. பத்து என்பது மனப்பாடத்துக்கு வசதியாக நாம் உருட்டித் திரட்டிய எண். தேர்வில் பத்து என்றே எழுதுங்கள், மாணவர்களே. வெளியே வந்ததும் மறந்துவிடுங்கள். யார் தின்கிறார் என்பதைப் பொறுத்து அது வெகுவாக மாறும். கொக்கு வெதுவெதுப்பான உடம்புக்காரர். செரித்துச் சேர்த்ததில் 97, 98 சதவீதத்தை உடல் சூட்டுக்கும் நடமாட்டத்துக்கும் எரித்துவிடுகிறார். உடம்பாக மாறுவது இரண்டு மூன்று சதவீதம். பூச்சியும் சிலந்தியும் அப்படியில்லை. சூடேற்றும் செலவு இல்லாததால் செரித்ததில் பத்திலிருந்து நாற்பது சதவீதம்வரை உடம்பாக ஆக்கிக்கொள்ளும். ஒரே அளவு தீனியில் ஒரு கொக்கு வாழும் இடத்தில் எத்தனை சிலந்தி வாழலாம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே பாடப்புத்தகக் கூம்பு மறைக்கிற ஒரு விஷயம் இருக்கிறது. பயிர் உயிரோடு இருக்கும்போதே தின்னப்படுவது சொற்பம். பெரும்பாலான காடுகளில் இலைத் தீனிக்காரர்களுக்குப் போவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வயலில் அந்தப் பத்தில் ஒன்றைக்கூட விவசாயி பொறுத்துக்கொள்ள மாட்டார். மற்றதெல்லாம் செத்த பிறகே உணவாகிறது. உதிர்ந்த இலை, அழுகிய வேர், மடக்கி உழுத தாள், சாணம், இவற்றைப் பாக்டீரியாவும் பூஞ்சையும் தின்ன, அவற்றைப் புழுக்கள் தின்ன, புழுக்களை வேறு யாராவது தின்ன என்று ஒரு தனிப் பாதை ஓடுகிறது. பச்சைப் பாதை கண்ணுக்குத் தெரியும். இந்தப் பழுப்புப் பாதை சேற்றுக்குள் இருப்பதால் அதை யாரும் படம் வரைவதில்லை. ஆற்றலில் பெரும் பகுதி ஓடுவது இதில்தான்.

இப்போது வயலில் இறங்குவோம். நட்டு 20 நாள் ஆகியிருக்கிறது, முழங்காலுக்குக் கீழே பயிர், கணுக்காலளவு தண்ணீர். வரப்பிலிருந்து நாலைந்து வரிசை தள்ளி ஒரு குத்தைத் தேர்ந்தெடுத்து, மெல்லச் சாய்த்து, உள்ளங்கையால் அடித்தண்டில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். தண்ணீரில் விழுவதை அசையாமல் பாருங்கள். அரை அரிசி நீளத்தில் பழுப்பாக ஒன்று விழுந்து, உடனே பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி தண்டைப் பிடிக்கப் பார்க்கும். அதுதான் புகையான், பழுப்புத் தத்துப்பூச்சி. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, வெயில் படாத இடத்தில் தண்டோடு ஒட்டி உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். விழுந்தது மறுபடி ஏறுவதற்குள், தண்ணீர்மேல் கடுகளவில் ஓடித்திரியும் நாவாய்ப்பூச்சிகள் நாலு பக்கத்திலிருந்தும் வந்து மொய்த்துவிடும். இன்னொரு குத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சிலந்தி, முதுகில் கவைபோல் ஒரு கோடு, தண்ணீர்மேல் கால் நனையாமல் ஓடி அடுத்த குத்துக்குத் தாவும். வலை கட்டாத ஓநாய்ச் சிலந்தி அது. பெண்ணாக இருந்தால் வயிற்று நுனியில் வெள்ளை முட்டைப்பை ஒட்டியிருக்கும். குஞ்சு பொரித்த பிறகு அத்தனையையும் முதுகில் சுமந்து திரியும். ஒரு நாளில் 5 முதல் 15 தத்துப்பூச்சிவரை தின்னும்.

தண்டை நகத்தால் கீறிப் பார்த்தால், இலையுறைக்குள் வாழைச்சீப்பு மாதிரி வரிசையாக முட்டைகள். அவற்றைத் தேடி மிரிட் நாவாய்ப்பூச்சி என்ற பச்சைப் பூச்சி ஊசிமூக்கைச் செலுத்தி உறிஞ்சும். ஒரு மில்லிமீட்டரும் இல்லாத குளவி ஒன்று அந்த முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். மேலே இலைகளுக்கு நடுவே நீண்ட தாடைச் சிலந்தி வலை கட்டியிருக்கும், ஊசித்தட்டான் பறக்கும், பொறிவண்டு ஊரும். ஓர் ஏக்கருக்குள் வேட்டை, ஒட்டுண்ணி வாழ்க்கை எல்லாம் நடக்கிறது. அவர்களுக்குள்ளேயும் சமாதானம் இல்லை: இரை குறைந்தால் பெரிய ஓநாய்ச் சிலந்தி சிறியதைத் தின்னும்.

கூட்டுவாழ்வுக்கும் வெளியே போக வேண்டாம். தண்ணீரில் மிதக்கும் அசோலாவின் இலைக் குழிக்குள் நீலப்பச்சைப்பாசி குடியிருக்கிறது. பெரணி அதற்கு வீடும் சர்க்கரையும் கொடுக்கிறது. பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. நெல்வயல்களில் உரமே போடாமல் ஆண்டாண்டாக மகசூல் வருவதற்குத் தனித்து வாழும் நீலப்பச்சைப்பாசியே முக்கியக் காரணம் என்று 1939-இல் பி.கே. டே என்ற வங்காள விஞ்ஞானி காட்டினார். போட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாற்றைப் போலவே வேடம் போட்டு நிற்கும் காட்டுக் குதிரைவாலியைக் களையெடுத்த பெண்களுக்குச் சூழலியல் ஆசிரியர் எவரும் போட்டி என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

இனி, பட்ட பாட்டுக்கு வருகிறேன். புகையான் நெடுங்காலமாக இருந்த பூச்சிதான். பெரிய பேர் அதற்குக் கிடையாது. 1966-இல் பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸிலிருந்து ஐ.ஆர்.8 வந்தது. குட்டை நெல், கூடவே தழைச்சத்து உரம், கூடவே அட்டவணை போட்டு மருந்தடிப்பு. சில ஆண்டுகளில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இலங்கை என்று பல நாடுகளில் வயல்கள் வட்ட வட்டமாகக் கருகத் தொடங்கின. 1973-74-இல் கேரளத்தின் குட்டநாட்டில் பெரும் சேதம். எதிர்ப்புத்திறன் உள்ள ரகமாக 1973-இல் ஐ.ஆர்.26 வெளியிடப்பட்டது. இரண்டு மூன்று ஆண்டுகளில் அதையும் தின்னப் பழகிய புகையான் வந்துவிட்டது. அடுத்த ரகம், அடுத்த மருந்து என்று ஓட்டம் தொடர்ந்தது. எதிர்ப்புத்திறனுக்காக உலகமெங்கும் தேடிப் பிடித்த ரகங்களில் ஒன்று நம் பக்கத்துப் பட்டாம்பி ஆராய்ச்சி நிலையத்தின் பி.டி.பி. 33 என்பது தனிக் கதை.

மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி ஏன் கூடியது? இதற்கான விடை, ஒருவகையில், ஐம்பது ஆண்டுக்கு முன்பே இத்தாலிய மீன்சந்தையில் கிடைத்திருந்தது. உம்பர்ட்டோ டாங்கோனா என்ற விலங்கியலாளர் ஏட்ரியாடிக் கடலோரச் சந்தைகளின் கணக்கைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஃபியூமே துறைமுகத்தில் பிடிபட்ட மீன்களில் சுறா முதலிய வேட்டை மீன்களின் பங்கு 1914-இல் 12 சதவீதம். 1918-இல் 36 சதவீதம். முதல் உலகப் போரில் மீன்பிடிப்பு குறைந்திருந்த ஆண்டுகள் அவை. குறைவாகப் பிடித்தால் எல்லா மீனும்தானே கூட வேண்டும், வேட்டை மீனுக்கு மட்டும் ஏன் இந்த யோகம்? அவர் தன் மாமனார் வீட்டோ வால்டெராவிடம் கேட்டார். மாமனார் பெரிய கணிதமேதை. 1926-இல் அவர் தந்த விடை: இரையையும் வேட்டையாடியையும் ஒரே விகிதத்தில் கொன்றுகொண்டிருந்தால், சராசரியில் இரை பெருகும், வேட்டையாடி குறையும். கொல்வதை நிறுத்தினால் தலைகீழ்.

கேட்கும்போது விநோதமாக இருக்கிறது, காரணம் எளிது. இரை எந்த அளவில் நிலைக்கும் என்பது வேட்டையாடி தன் இறப்பை ஈடுகட்ட எவ்வளவு தீனி வேண்டும் என்பதைப் பொறுத்தது. வேட்டையாடியின் இறப்பு கூடினால் அதைச் சமாளிக்கக் கூடுதல் இரை நின்றாக வேண்டும். வலை இருக்கும் இடத்தில் மருந்துத் தெளிப்பானை வைத்துப் பாருங்கள். வால்டெராவின் சமன்பாட்டுக்கு வித்தியாசம் தெரியாது.

வயலில் நிலைமை சமன்பாட்டைவிட மோசம், ஏனென்றால் மருந்து ஒரே விகிதத்தில் கொல்வதுமில்லை. சிலந்தி வெட்டவெளியில் ஓடித்திரிந்து மருந்தை முழுசாக வாங்கிக்கொள்கிறது. புகையானின் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கிறது. ஒரு வாரம் பத்து நாளில் அது பொரித்து வெளியே வரும்போது, எதிரி இல்லாத வயல். ஒரு பெண்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். தலைமுறைக்கு ஒரு மாதம்கூட ஆகாது. சிலந்திக்கு ஒரு தலைமுறைக்குப் பல மாதம் வேண்டும். செயற்கைப் பைரித்ராய்டு போன்ற சில மருந்துகளைக் குறைந்த அளவில் வாங்கிக்கொண்ட புகையான் வழக்கத்தைவிடக் கூடுதலாக முட்டையிடுகிறது என்பதும் பிற்பாடு தெரிந்தது. அதிகத் தழைச்சத்து தின்ற பயிரின் சாறும் அதற்குச் சத்துணவு. மருந்தும் யூரியாவும் வாங்கிய காசு புகையானை வளர்த்திருக்கிறது.

பீட்டர் கென்மோர் என்ற இளம் ஆய்வாளர் 1970-களின் இறுதியில் பிலிப்பைன்ஸ் வயல்களில் இதை நேரடியாகச் சோதித்தார். மருந்து அடிக்காத பாத்தியில் புகையான் அடங்கிக் கிடந்தது. அடித்த பாத்தியில் பல மடங்கு பெருகியது. அவரும் சக ஆய்வாளர்களும் சொன்னதைக் கேட்டு 1986 நவம்பரில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 வகை மருந்துகளைத் தடைசெய்தார். அதுவரை மருந்தின் விலையில் பெரும் பகுதியை அரசே மானியமாகக் கொடுத்துவந்தது. அதையும் 1989-க்குள் நிறுத்தினார்கள். நெல்லில் பூச்சிமருந்துப் பயன்பாடு பாதிக்கும் மேல் குறைந்தது. விளைச்சல் விழவில்லை. சூழலியல் கட்டுரை ஒன்று ஒரு நாட்டின் வரவுசெலவைத் தொட்ட அபூர்வமான சந்தர்ப்பம் என்று இதைச் சொல்வேன். சர்வாதிகாரி ஒருவர் கையெழுத்தில்தான் அது நடந்தது என்பதும் மனத்தை உறுத்தாமல் இல்லை.

இதுவரை சொன்னது முதல் அத்தியாயம். யார் யாரைத் தின்கிறார் என்ற கதை. ஆனால் இதில் ஓர் ஓட்டை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். புகையான் வயலில் தலைகாட்டுவது பெரும்பாலும் பயிர் பிடித்துத் தூர் கட்டிய பிறகு. சிலந்தியோ நட்ட சில நாட்களிலேயே வந்துவிடுகிறது. புகையான் வந்த பிறகே சிலந்தி பெருக ஆரம்பித்தால், அதன் மெதுவான தலைமுறைக் கணக்கில் ஒருபோதும் எட்டிப்பிடிக்க முடியாது. மருந்தடிக்காத வயலில் எட்டிப்பிடிக்கிறதே, எப்படி? புகையான் வருவதற்கு முன்பே அங்கே போதிய சிலந்திகள் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் அந்த ஒரு மாதம் சிலந்திக்குச் சோறு போட்டது யார்?

இந்தக் கேள்வியோடு வில்லியம் செட்டில் என்பவரும் இந்தோனேசியச் சக ஆய்வாளர்களும் ஜாவாத் தீவின் வயல்களில் இறங்கினார்கள். 700-க்கும் மேற்பட்ட கணுக்காலி இனங்களை அங்கே கண்டார்கள். 1996-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின் விடை: சேறு. முந்திய பயிரின் தாளும் வேரும் தண்ணீரில் ஊறி அழுக ஆரம்பித்ததும் நுண்ணுயிர் பெருகுகிறது. அதைத் தின்று மிதவை உயிரிகளும், கடிக்காத கொசுக்களின் புழுக்களும் பெருகுகின்றன. சேற்றை அள்ளி ஒரு வெள்ளைத் தட்டில் கரைத்தால் இரத்தச் சிவப்பில் நெளியும் மெல்லிய புழுக்களைப் பார்க்கலாம். காற்றில்லாத சேற்றில் பிழைக்க அவற்றின் உடம்பிலும் நம்முடையதைப் போன்ற ஹீமோகுளோபின் இருக்கிறது. வண்ணமீன் கடையில் மீனுக்குத் தீனியாக விற்பது இதே புழுவைத்தான். இவை கொசுவாகி மாலையில் வயல்மேல் மேகம்போல் எழும்பும்போது, சிலந்திக்கு விருந்து. நட்ட முதல் மாதத்தில் இந்தச் சேற்றுக் கூட்டம் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்குகிறது. அது இறங்கும் சமயத்தில் புகையான் வந்து சேருகிறது. நன்றாகத் தின்று பெருகிய வேட்டைக் கூட்டம் பசியோடு காத்திருக்கும் வயலுக்குள் வருகிறது.

அவர்கள் இதோடு நிற்கவில்லை. சில பாத்திகளில் மட்டும் மக்கும் பொருளைக் கூடுதலாகப் போட்டுப் பார்த்தார்கள். சேற்றுப் பூச்சிகள் கூடின. அவற்றைத் தொடர்ந்து வேட்டையாடிகளும் கணிசமாகக் கூடின. பழுப்புப் பாதையில் வந்த ஆற்றல் பச்சைப் பாதையில் நடக்கும் சண்டையைத் தீர்மானிக்கிறது. உலகம் ஏன் பசுமையாகவே இருக்கிறது, தாவர உண்ணிகள் ஏன் அத்தனையையும் மொட்டையடிக்கவில்லை என்று 1960-இல் ஹேர்ஸ்டன், ஸ்மித், ஸ்லோபாட்கின் மூவரும் கேட்டு, வேட்டையாடிகள் அடக்கிவைப்பதால்தான் என்று விடை சொன்னார்கள். மேலிருந்து அடக்கமா, கீழிருந்து வரும் சத்தா என்று அன்று தொடங்கிய விவாதம் இன்றும் ஓயவில்லை. நெல்வயலைக் கேட்டால், கீழே சேற்றிலிருந்து வரும் சத்துதான் மேலிருந்து அடக்கும் கையை வளர்க்கிறது என்று சொல்லும்.

நம் படுகைக்கு வருவோம். நாற்றங்காலுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவது, கொளுஞ்சித் தழையை மிதிப்பது, தொழுவுரம் அடிப்பது, கோடையில் ராமநாதபுரத்துக் கீதாரிகளை அழைத்து ஆட்டுக்கிடை போடுவது எல்லாம் தழைச்சத்துக்காக என்று சொல்லித்தான் நமக்குப் பழக்கம். பையில் வாங்கிய யூரியா அதே தழைச்சத்தைத் தருகிறது என்று ஆனதும் கிடைக்குக் கூலி தருவானேன் என்று விட்டவர்கள் உண்டு. தழைச்சத்துக் கணக்கில் அவர்கள் சொல்வது சரி. யூரியாவில் சிலந்திக்குச் சோறு இல்லை என்பது அந்தக் கணக்கில் வராது. கொசுப்புழு யூரியாவைத் தின்னாது. அதற்குத் தழையில் சேர்ந்திருக்கும் ஆற்றல் வேண்டும்.

நம் அதிகாரப்பூர்வப் பரிந்துரையிலேயே சிலந்திக்கு எண்மதிப்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் புகையானுக்குச் சொல்லும் பொருளாதாரச் சேதநிலை தூருக்கு ஒரு பூச்சி. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சிவரை மருந்து வேண்டாம். ஒற்றைச் சிலந்தியால் அனுமதி இரட்டிப்பாகிறது. இதைத் தவிர, எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடுவது, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது, தழைச்சத்தைப் பிரித்துப் போடுவது, வரப்பில் தட்டைப்பயறு போடுவது எல்லாம் பரிந்துரையில் இருப்பவை. வரப்புப் பயறு நமக்குச் சுண்டல் என்றால் சிலந்திக்கும் பொறிவண்டுக்கும் புகலிடம். வரப்பைச் சுரண்டிப் பளிச்சென்று வைத்திருப்பவரை ஊர் மெச்சும், நான் மெச்சமாட்டேன்.

இதில் சிக்கல் இல்லாமல் இல்லை. ஒன்று, மக்கும் பொருளைத் தண்ணீரில் ஊறவைத்தால் அதன் ஆற்றலில் ஒரு பங்கைக் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனாக்கி வெளியே விட்டுவிடுகின்றன. மீத்தேன் கரியமில வாயுவைவிடக் கடுமையாகச் சூடேற்றும் வாயு. பச்சை வைக்கோலை அப்படியே சேற்றில் அமுக்கினால் கூடுதலாக வரும். மட்கவைத்துப் போட்டால் குறைவு. காய்ச்சலும் பாய்ச்சலும் அதைக் குறைக்கும். சேறும் வேண்டும், அளவும் வேண்டும். இரண்டு, நீண்ட தரிசு. மேட்டூர் திறக்கும்வரை மண் வெடித்துக் கிடக்கும் கோடையில் வேட்டையாடிகள் போக்கிடமின்றிக் குறைந்துவிடுகின்றன. பரந்த பரப்பில் ஒரே சமயத்தில் நட்டு, நீண்ட நாள் வறண்டு கிடந்த ஜாவா வயல்களில் அவை தாமதமாகவே வந்து சேர்ந்ததைச் செட்டில் குழுவும் பார்த்தது. இந்த இடத்தில் நம் ஊரின் நெல் தரிசு உளுந்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன். அறுவடைக்கு முன்பே ஈரத்தில் தெளித்த உளுந்தும் பச்சைப்பயறும் மண்ணை வெறுமையாக விடுவதில்லை.

மூன்றாவது புதிது. முன்பு வைக்கோல் வீட்டுப் போருக்குப் போய், மாட்டுக்குள் போய், சாணமாக வயலுக்குத் திரும்பியது. இப்போது இயந்திரம் அறுத்துப்போட, இன்னோர் இயந்திரம் உருளை உருளையாகக் கட்ட, லாரி ஏற்றிக்கொண்டு வெளிமாவட்டம் போகிறது. நாம் போட்ட கணக்கில் இரண்டரை டன் வைக்கோல் என்பது 11,000 யூனிட். பயிர் பிடித்த ஆற்றலில் சரிபாதி. விற்ற காசு அன்றைக்கே கைக்கு வருகிறது, அறுப்புக் கூலிக்கு உதவுகிறது. அதை விற்காதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அடுத்த பருவத்தில் முதல் மாதம் சேற்றில் என்ன ஊறுகிறது என்பதை மட்டும் சேர்த்துக் கணக்குப் பார்க்கச் சொல்கிறேன்.

இந்தக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். வைக்கோலைக் கட்டி விற்ற வயல் ஒன்று, தாளை மடக்கித் தக்கைப்பூண்டும் உழுத வயல் ஒன்று, அருகருகே பிடித்துக்கொள்ளுங்கள். நட்ட 15, 25, 35-ஆம் நாட்களில் ஒவ்வொன்றிலும் 20 குத்துகளைத் தட்டுங்கள், வரப்போரக் குத்துகள் வேண்டாம். நோட்டில் சிலந்திக்கு ஒரு கட்டம், மிரிட்டுக்கு ஒரு கட்டம், புகையானுக்கு ஒரு கட்டம் எல்லோரும் போடுவார்கள். நீங்கள் நான்காவதாக ஒன்று போடுங்கள்: ஒரு கை சேற்றை வெள்ளைத் தட்டில் கரைத்தால் தெரியும் சிவப்புப் புழு எத்தனை. மூன்று தேதியும் முடிந்ததும் நோட்டோடு சொல்லியனுப்புங்கள், வயலுக்கே வருகிறேன்.